தலைப்புக்குக் கீழே என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் நாகர்கோவில்காரர், 71 வயது. கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் கோயில் வட்டாரமான பங்கு ஒன்றில், வேதம் கற்பிக்கும் உபதேசியாராக இருந்தவரின் மகன். நாளிதழ் ஒன்றில் 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

‘ஒரே பாலினத் திருமணத்துக்குப் போப் அனுமதி’ என்று 2023 டிசம்பரில் டிவியில் ஓடியதைப் பார்த்ததிலிருந்து என் மனசு சரியில்லை. திருச்சபையே மாறிவிட்டால் நாங்கள் யாரை நம்புவது ஐயா?
– வாசகி, திண்டுக்கல்

அன்று இரவு எனக்கும் எட்டுப் பேர் போன் செய்தார்கள் அம்மா. ஒருவர் அழுதே விட்டார். முதலில் அந்த ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

அதன் பெயர் ‘ஃபிதுச்சியா சுப்ளிகான்ஸ்’. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023 டிசம்பர் 18 அன்று, போப் பிரான்சிஸின் ஒப்புதலோடு வெளியிட்டது. திருமணம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில்தான், அந்தப் போதனையில் மாற்றமில்லை என்று அந்த ஆவணமே சொல்கிறது. ஒரே பாலினத்தவராய்ச் சேர்ந்து வாழும் இருவர் வந்து கேட்டால் குருவானவர் சடங்கு ஏதுமில்லாமல் ஆசீர்வதிக்கலாம். ஆனால் பதிவுத் திருமணத்தோடு சேர்த்துச் செய்யக் கூடாது. கல்யாண உடை, கல்யாணத்துக்குரிய சொற்கள், செய்கைகள் எதுவும் கூடாது. 2024 ஜனவரி 4 அன்று வந்த விளக்கக் குறிப்பு, பத்துப் பதினைந்து விநாடியில் முடிகிற ஆசீர்வாதம் இது என்றது.

இதிலிருந்து ‘அனுமதி’ எப்படி வந்தது? நான் வேலை பார்த்த இடத்தில் செய்தி எழுதுகிறவர் ஒருவர், தலைப்பு வைக்கிறவர் வேறொருவர். ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பக்கம் முடிக்க வேண்டும், இரண்டு பத்தி அகலம்தான் இடம். ‘ஆசீர்வாதம்’ ஆறு எழுத்து, அடங்காது. ‘அனுமதி’ நாலு எழுத்து, அடங்கும். அவ்வளவுதான், அடுத்த நாள் லட்சம் வீட்டில் அதுதான் செய்தி. பென்சிலால் வட்டம் போட்டு “பொருள் மாறுகிறது” என்று ஓரத்தில் எழுதி எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். சில நாள் மாற்றுவார்கள். பல நாள் “நேரமாச்சு, விடுங்க” என்பார்கள். திருச்சபை மேல் உள்ள வெறுப்பால் வருகிற பிழைகளும் உண்டு, மறுக்கவில்லை. என் அனுபவத்தில் அவசரத்தாலும் அலட்சியத்தாலும் வருபவையே அதிகம்.

2013 ஜூலையில், ரியோவிலிருந்து திரும்பும் விமானத்தில் இதே போப் சொன்னது நினைவிருக்கிறதா? “ஒருவர் ஓரினச் சேர்க்கையாளராக இருந்து, ஆண்டவரைத் தேடி, நல்ல மனதோடும் இருந்தால், தீர்ப்பிட நான் யார்?” என்பது அவர் பேச்சு. உலகம் முழுக்கப் போனது “தீர்ப்பிட நான் யார்” மட்டும். ஆண்டவரைத் தேடுவதும் நல்ல மனதும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

சரி, என் கருத்தையும் கேட்கிறீர்கள். 2023 ஆவணம் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியிட்டுப் பதினேழாம் நாள் விளக்கக் குறிப்பு போட வேண்டி வந்தால், குழப்பத்தில் நிருபர்களுக்கு மட்டும்தான் பங்கு என்று என்னால் சொல்ல முடியாது. ஆப்பிரிக்க ஆயர்கள் ‘எங்கள் திருச்சபைகளில் இந்த ஆசீர்வாதம் இல்லை’ என்று 2024 ஜனவரி 11 அன்று அறிவித்தார்கள். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் நம் மறைக்கல்வி நூல் 2358ஆம் எண்ணில், இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. பாவத்தைப் பற்றிச் சொல்கிற எண்ணை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் தெருவாரியாகக் கூடி ஜெபிக்கும் நம் அன்பியக் கூட்டங்களிலேயே இருக்கிறார்கள். அதுவும் பாதி வாக்கியம்தான்.

நாய்களும் மோட்சத்துக்குப் போகும் என்று போப் பிரான்சிஸ் சொன்னது உண்மையா?
– 8ஆம் வகுப்பு மாணவி, மணப்பாறை

இல்லை மகளே. 2014 நவம்பரில் புதிய வானம், புதிய பூமி பற்றி அவர் பேசினார். போப் ஆறாம் பவுல் எப்போதோ ஒரு சிறுவனுக்கு ஆறுதலாகச் சொன்னதாக வழங்கும் பேச்சை ஓர் இத்தாலியப் பத்திரிகை அதோடு சேர்த்து எழுத, உலகமெல்லாம் பரவிவிட்டது. நியூயார்க் டைம்ஸும் போட்டது, பிறகு திருத்தம் வெளியிட்டது. தவறு நடந்தது என்று அச்சில் ஒப்புக்கொண்ட பத்திரிகையை நான் மதிக்கிறேன். உன் நாய்க்குட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்.

ஊடகம், ஊடகம் என்று குறை சொல்கிறீர்கள். சாமியார்கள் சிறுபிள்ளைகளைச் சீரழித்த கதை, பத்திரிகைகள் எழுதாவிட்டால் வெளியே வந்திருக்குமா?
– வாசகர், சென்னை

வந்திருக்காது.

2002 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் மூன்று ராசாக்கள் திருநாள். அன்று காலை ‘பாஸ்டன் குளோப்’ முதல் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. ஒரே குரு, ஆறு பங்குகள், முப்பது ஆண்டுகள், 130க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த புகார். மேலிடத்துக்குத் தெரிந்தே அவரைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றியிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று பாஸ்டன் பேராயர் கர்தினால் லா பதவி விலகினார்.

அதில் என் நெஞ்சைக் குத்தியது ஒரு சின்ன விஷயம். மறைமாவட்டக் கையேட்டில் அந்தக் குருவின் பெயருக்கு நேராக ‘நோய் விடுப்பு’ என்று போட்டிருந்த ஆண்டுகள் உண்டு. ‘நோய் விடுப்பு’ என்று ஒருவர் எழுதி, ஒருவர் அச்சுக் கோத்து, என்னைப் போல் ஒருவர் மெய்ப்புப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று அனுப்பியிருப்பார். பத்திரிகைக்காரன் நம் வாக்கியத்தை வெட்டுகிறான் என்று நாம் குமுறிக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் வீட்டுக்குள்ளேயே வாக்கியங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டப்பட்ட பகுதியில் பிள்ளைகள் இருந்தார்கள்.

2021 நவம்பரில் போப் பிரான்சிஸ் செய்தியாளர்கள் முன், திருச்சபையில் உள்ள தவறுகளை எடுத்துச் சொல்வதற்கும், பாதிக்கப்பட்டவர்களுக்குக் குரல் கொடுத்ததற்கும் நன்றி சொன்னார். நானும் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். பிள்ளை வந்து ஏதாவது சொன்னால், பங்குச்சாமியாரிடம் போவதா ஆயரிடம் போவதா என்று யோசிக்காதீர்கள். 1098க்கு அடியுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். “கோயில் பெயர் கெட்டுவிடும்” என்று யாராவது உங்கள் கையைப் பிடித்தால், உதறிவிட்டுப் போங்கள்.

அண்ணாச்சி, நீங்கள் லத்தீன் பூசைக் கட்சியா? புதிய பூசை செல்லாது என்று நினைக்கிறீர்களா?
– வாசகர், வள்ளியூர்

செல்லும். சந்தேகமே இல்லை. வாரத்துக்கு ஆறு நாள் தமிழ்ப் பூசைதான் கண்டுவருகிறேன்.

ஆனால் என் காதில் முதலில் விழுந்தது லத்தீன். ஏழு வயதில் புது நன்மை (முதல் நற்கருணை) வாங்கிய கையோடு பூசை உதவி செய்யப் போனேன். அப்பா விடியற்காலை நாலரைக்கு எழுப்புவார். பீடத்தின் அடிப்படியில் மண்டியிட்டு, குருவானவர் தொடங்கியதும் நான் சொல்ல வேண்டியது: “ஆத் தேயும் குயி லெத்திஃபிக்காத் யுவெந்தூத்தெம் மேயாம்.” பொருள் தெரியாமல்தான் படித்தேன். ஒருநாள் பூசை முடிந்து வரும் வழியில், மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அப்பா சொன்னார்: “‘என் இளமையை மகிழ்விக்கும் தேவனிடம் போவேன்’னு அர்த்தம்டே. சின்னப் பையன் வாயால சொல்ல வேண்டியதுதானே!” புதிய பூசைநூல் வந்தபோது அந்த வரி போய்விட்டது. பூசைக்கு முன்னால் இன்றும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

லத்தீனை ஒழிக்கச் சொன்னது, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டு ஏடு, லத்தீன் காக்கப்பட வேண்டும் என்றும், தாய்மொழிக்குக் கூடுதல் இடம் தரலாம் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே எண்ணில், 36இல் இருக்கின்றன. நடைமுறைக்கு வந்தது இரண்டாவது பாதி. 2007இல் போப் பதினாறாம் பெனடிக்ட் பழைய லத்தீன் பூசைக்குக் கதவைத் திறந்தார். 2021இல் போப் பிரான்சிஸ் அதை ஏறக்குறைய சாத்தினார். எனக்கு வருத்தம்தான். வருத்தத்தோடு கீழ்ப்படிகிறேன். ஆயரை மீறி எங்கேயோ ஒரு மண்டபத்தில் போய்ப் பூசை காண்பதற்கு என் அப்பா எனக்குக் கற்றுத்தரவில்லை.

தமிழ்ப் பூசையில் எனக்குள்ள ஒரே ஆதங்கம் சத்தம். நன்மை வாங்கிவிட்டு வந்து முழந்தாளிட்டால் இரண்டு நிமிடம் அமைதி வேண்டும். அதற்குள் கீபோர்டு ஆரம்பித்துவிடுகிறது, அப்புறம் அறிவிப்பு, அசன (ஊர் விருந்து) வரி பாக்கி, சுற்றுலாப் பேருந்துக் கட்டணம். அந்த இரண்டு நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தால் மொழியைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாமா?
– வாசகி, உவரி

சட்டப்படி சாப்பிடலாம், இறைச்சிதான் கூடாது. ஆனால் உவரியில் இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை சீலா மீன் குழம்பு வைத்தால், அதை ஒறுத்தல் என்று எப்படிச் சொல்வது தாயே?  எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மீன்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கஞ்சியும் காணத் துவையலும்தான். மீன் மிச்சமான காசு சனிக்கிழமை காலை, மாதா கெபி வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் கைக்குப் போகும். இறைச்சி விலக்கும் சுத்தபோசனம் என்றால் இன்றும் எனக்கு அந்தக் கவிழ்த்த சட்டிதான் ஞாபகம் வரும்.

திருமணமாகி ஏழு ஆண்டுகள். குழந்தை இல்லை. டாக்டர் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) என்கிறார். கூடாது என்கிறது சபை. ‘இரக்கமற்ற சபை’ என்று பத்திரிகைகள் எழுதும்போது உண்மைதானே என்று தோன்றுகிறது. ஞானஸ்நான விருந்துகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.
– பெயர் வேண்டாம், திருச்சி

மகளே, உன் கடிதம் மூன்று நாள் என் மேசை மேல் இருந்தது. விருந்து வீட்டில் பிள்ளையைத் தூக்கி உன் கையில் கொடுக்காமல் உன்னைத் தாண்டிக் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்தவர்கள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவம் அது.

சபை சொல்வதை முழுதாகச் சொல்கிறேன். 1987இல் வந்த ‘தோனும் வீத்தே’ ஏடும், 2008இல் வந்த ‘திக்னித்தாஸ் பெர்சோனே’ ஏடும் இதைப் பேசுகின்றன. கணவன் மனைவி உறவுக்குத் துணை செய்கிற மருத்துவம் எல்லாம் சரி. ஹார்மோன் சிகிச்சை, கருக்குழாய் அடைப்பை நீக்குவது, எண்டோமெட்ரியோசிஸ் அறுவை சிகிச்சை எல்லாம் செய்துகொள்ளலாம். அந்த உறவின் இடத்தை ஆய்வுக்கூடம் எடுத்துக்கொள்வதைத்தான் ஏற்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பல கருக்களை உருவாக்கி, ஒன்றிரண்டை வைத்துவிட்டு, மிச்சத்தை உறைய வைக்கிறார்கள். அந்த மிச்சம் யார்? நாம் உயிர் என்று நம்புகிறவர்கள். அவர்களுக்கு இழைத்த அநீதியைச் சரிசெய்ய வழியே இல்லை என்று 2008 ஏடு மனம் நொந்து சொல்கிறது. பேருந்தின் பின்னால் ஒட்டியிருக்கும் சிரித்த குழந்தை விளம்பரத்தில் இந்தப் பகுதி இருக்காது.

அதே நேரம், அப்படிப் பிறந்த எந்தப் பிள்ளையும் கடவுளின் கொடைதான், அப்படியே ஏற்க வேண்டும் என்றும் 1987 ஏடு சொல்கிறது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று பிறந்தது. செயற்கைக் கருத்தடையை மறுத்த போப் ஆறாம் பவுலின் ‘உமானே வீத்தே’ சுற்றுமடலுக்குச் சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாள் அது. அப்போது வெனிஸில் கர்தினாலாக இருந்த லூச்சியானியிடம் கருத்துக் கேட்டார்கள். அந்த முறையை அவர் ஏற்கவில்லை. பெற்றோரைக் கண்டிக்க எனக்கு உரிமையில்லை என்றார், குழந்தையை மனதார வாழ்த்தினார். ஒரு மாதத்தில் அவர்தான் போப் முதலாம் ஜான்பால். உன்னிடம் நான் பேச விரும்புவதும் அந்தத் தொனியில்தான்.

கருக்குழாயையும் கணவரையும் முழுதாகப் பரிசோதித்தாயிற்றா என்று இன்னொரு டாக்டரிடமும் கேள். தத்து எடுப்பதைப் பற்றியும் இருவரும் பேசுங்கள். முன்பு கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாவலர் உரிமைதான் கிடைக்கும். இன்று சிறார் நீதிச் சட்டப்படி முழுப் பெற்றோர் ஆகலாம். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டிவிட்டு வந்ததாக எழுதியிருந்தாய். அந்தத் தொட்டிலில் எந்த வழியாகப் பிள்ளை வர வேண்டும் என்று மாதாவுக்கு நாம் நிபந்தனை போடவில்லையே.

கருக்கலைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எங்கள் பங்கில் தலித்துகளுக்குத் தனிக் கல்லறை. திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்கு வராது. இதெல்லாம் பாவக் கணக்கில் வராதா?
– இளைஞர், ஊர் பெயர் வேண்டாம்

வரும் தம்பி. சாவான பாவம். மன்னிப்புக் கேட்காமல் நன்மை வாங்கக் கூடாத பாவம்.

நான் பாரம்பரியத்தை நேசிக்கிறவன் என்பதால் “இதுவும் பாரம்பரியம்தானே” என்று சிலர் என்னிடமே சொல்கிறார்கள். அவர்களை வடக்கன்குளத்துக்குக் கூட்டிப்போக ஆசை. சாதிக்கொரு பக்கமாக உட்காருவதற்கென்றே இரண்டு கால் வைத்துக் கட்டிய கோயில் அது, ‘கால்சட்டைக் கோயில்’ என்பார்கள். உள்ளே பிரித்து வைத்திருந்த தடுப்பை 1910 வாக்கில் குருக்கள் இடித்தார்கள். மீண்டும் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் போனவர்கள் கத்தோலிக்கர்கள்! 1917இல் மதராஸ் உயர்நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. வெள்ளைக்கார அரசின் நீதிமன்றம் வந்து நமக்கு நற்செய்தியை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் பழகினார் என்பதும் திருவிதாங்கூர் அரசவையினருக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் சேர்ந்தது. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்தது மிகச் சரி. உன் ஊர்க் கல்லறைச் சுவரை ஒரு நிருபர் படம் எடுத்துப் போட்டால், ‘திருச்சபைக்கு எதிரான சதி’ என்று கத்துகிறவர்களோடு நான் இருக்க மாட்டேன்.

உங்களுக்கு விசுவாசம் ஆட்டம் கண்டதே இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகி, தூத்துக்குடி

கண்டிருக்கிறது. 2017 நவம்பர் 30.

கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அன்று பெலவேந்திரர் (அப்போஸ்தலர் அந்திரேயா) திருநாள் வேறு. காலையில் ஒக்கிப் புயல் அடித்தது. என் தங்கச்சி மகன் ஆழ்கடலுக்குப் போய் அன்றோடு பதினொரு நாள். முப்பத்து நாலு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். இங்கே மரமும் கம்பமும் சாய்ந்து நாலு நாள் மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் போட்டதும் ஓடிப்போய் டிவி பார்த்தோம். நான் பார்த்த சேனலில் முறிந்த ரப்பர் மரம், சரிந்த வாழை, அடைபட்ட சாலை. கடலில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. தங்கச்சி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, “நம்ம ஆளுகளக் காட்டுங்கடே, நம்ம ஆளுகளக் காட்டுங்கடே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் காணாமல் போனவர்களின் பட்டியல் ஒரு நாளிதழில் வந்தது. அவன் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்தப் புள்ளியை வைத்தேன். ஓரத்தில் திருத்தக் குறியும் போட்டேன். ஏன் செய்தேன் என்று தெரியாது, கை செய்தது. அந்தத் தாளைத் தங்கச்சி பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். உடல் கிடைக்கவில்லை. அடக்கப் பூசையில் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அவன் புகைப்படத்தை வைத்தோம்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னால் பரலோக மந்திரம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. “உம்முடைய சித்தம் பரலோகத்தில் செய்யப்படுகிறதுபோல” என்ற இடம் வந்தால் வாய் நின்றுவிடும். அந்த வரியைத் தாண்டி “எங்கள் அனுதின அப்பம்” என்று எடுப்பேன். பக்கத்தில் தங்கச்சி அந்த வரியைச் சத்தமாகச் சொல்வது கேட்கும். பெற்றவள் சொல்கிறாள், எனக்கு வரவில்லை.

கடைசியில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். வயதான குருவானவர், காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. “சரி, அந்த வரியை உமக்காக நான் சொல்லுகிறேன். மற்றதை நீர் சொல்லும்” என்றார். அங்கேயே, அந்த மரத்தட்டியின் இருபுறமும் இருந்துகொண்டு, அப்படியே சொல்லி முடித்தோம்.

இன்று எனக்கு அந்த வரி வருகிறது. எல்லா நாளும் ஒரே மாதிரி வருவதில்லை.

ஒவ்வொரு நவம்பர் 30க்கும் அவன் பெயரில் பூசை கொடுக்கிறோம். அன்றைய சுவிசேஷம் மத்தேயு நான்காம் அதிகாரம்: கடலோரம் நடந்துபோகிற சேசு, வலை வீசிக்கொண்டிருந்த இரண்டு சகோதரர்களைக் கூப்பிடுகிறார். தங்கச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருப்பாள். பூசைக் கருத்து வாசிக்கும்போது அவன் பெயரை எழுத்து விடாமல் முழுசாகச் சொல்கிறார்களா என்று நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.